விஞ்ஞான ஆராய்ச்சியும் தியாகமும்

விருத்திராசுரனை வெல்லுதற்கேற்ற ஆயுதமின்றித் தேவர்கள் கலங்கி நின்ற காலத்திலே, ததீசி முனிவர் தம் உடலைத் துறந்து தம் முதுகென்பை அவர்களுக்கு ஈந்தார் என்பது நாம் இளமையிற் கேட்ட புராணக் கதை. இக்கதையைச் சொல்வோர் முனிவரின் தியாகத்தை வியந்து அவ்வளவில் நிறுத்திவிடுவது வழக்கம். ஆயினும் கதையில் இன்னுமொரு பகுதி உண்டு. முனிவர் ஈந்தது என்பு, வச்சிராயுதம் அன்று. அவ்வென்பை வச்சிரமாக்கியவன் தேவதச்சனாகிய விசுவகன்மா. அவனும் அவனுடைய பட்டறையும் இல்லாதிருந்தால், ததீசியின் தியாகம் ஒரு முனிவரின் மரணமாக மாத்திரம் முடிந்திருக்கும்.

வறிய நாடொன்றிலே விஞ்ஞானம் வேரூன்றும் வரலாற்றை எண்ணும்போதெல்லாம் இக்கதையின் பிற்பகுதியே என் நினைவுக்கு வருகின்றது. செல்வம் குறைந்த நாட்டில் ஆராய்ச்சி செய்யப் புகுந்தவர்கள் தம் வேதனத்தையும் வசதியையும் புகழையும் துறந்த செய்திகளை மேடைதோறும் எடுத்துக் கூறுகின்றோம். அவர்களைப் போல் நீங்களும் தியாகஞ் செய்யுங்கள் என்று மாணவர்க்கு உபதேசமும் செய்கின்றோம். அவர்களுடைய தியாகத்தை வாங்கி வைத்துக்கொண்ட சமூகம், அதனைக் கொண்டு எதனைக் கட்டிற்று? இக்கேள்வியை நாம் கேட்பது அரிது. அதனைக் கேட்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எடுத்துக்காட்டாகக் கல்கத்தா நகரத்தின் விஞ்ஞான வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். தியாகம் பலித்த வரலாறும் தியாகம் வீணான வரலாறும் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால், நமக்கு வேண்டிய பாடம் அங்கே தெளிவாக உண்டு.

முதலில், ஆராய்ச்சிக்கு வேண்டுவன எவை என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். கூர்த்த மதி வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அதற்குக் குறைந்த நாடு உலகில் இல்லை. அம்மதி பயன் தருவதற்கு வேறு சில துணைகள் வேண்டும். உண்ணவும் உடுக்கவும் போதிய வேதனம், இடையூறற்ற நேரம், கருவியும் அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும், பிறர் செய்தவற்றை உடனுக்குடன் அறிவிக்கும் நூல்நிலையம், தம் பிழையை எடுத்துக் காட்டவல்ல தோழர்கள், ஈற்றிலே நல்லதை நல்லதென்று அறிந்து பாராட்டும் சபை ஆகியன அத்துணைகள். செல்வ நாட்டில் இவை வீதியும் விளக்கும்போல் முன்னரே அமைந்து கிடப்பன. வறிய நாட்டிலோ ஆராய்ச்சியாளன் ஒவ்வொன்றையும் தன் கைப்பொருளாலும் தன் வாழ்நாளாலும் ஈடுசெய்ய வேண்டியவனாகின்றான். தியாகம் என்று நாம் புகழ்வது பெரும்பாலும் இவ்வாறு ஈடுசெய்ததையே.

கல்கத்தாவில் இக்குறையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார் ஆவர். 1833இல் பிறந்த இவர், 1863இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இராமகிருஷ்ண பரமகம்சரின் இறுதி நோய்க்காலத்தில் அவருக்கு வைத்தியஞ் செய்தவர் என்ற வகையில் இவர் பெயரை நம்மிற் பலர் அறிவர். இந்தியர் தம் பொருளால் நடத்தி, தாமே ஆராயும் விஞ்ஞான நிலையம் ஒன்று வேண்டும் என்று 1869இல் இவர் எழுதினார். அதற்காக வீடு வீடாகவும் மாளிகை மாளிகையாகவும் சென்று நிதி திரட்ட ஆண்டுகள் பல சென்றன. சேவியர் கல்லூரியைச் சேர்ந்த லபோன் பாதிரியார் இவருக்குத் துணை நின்றார். 1876ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆந் தேதி, பௌபசார் வீதியிலே இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கம் தோன்றிற்று.

சங்கத்திலே விரிவுரைகள் நடந்தன. விசியநகர மகாராசாவின் கொடையால் ஆய்கூடமும் எழுந்தது. ஆயினும் சர்க்கார் கருதியது நிறைவேறவில்லை. முழுநேரமும் ஆராய்ச்சிக்கே தம்மை அளிக்கும் பேராசிரியர்களை வேதனங் கொடுத்து அமர்த்த வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டடத்துக்குக் கொடுத்த கைகள் மனிதருக்குக் கொடுக்க முன்வரவில்லை. கட்டடத்திற் பெயர் பொறிக்கலாம்; ஒருவருடைய பத்தாண்டு உழைப்பிற் பெயர் பொறிக்க முடியாது என்பதனாற் போலும். தம் வாழ்நாள் முயற்சி தோற்றதென்ற மனக்குறையுடனேயே 1904இல் அவர் காலமானார். கருவிகள் இருந்தன, கதவு திறந்திருந்தது, ஆராய வருவார் அரியர் என்பதே அன்றைய நிலை.

இதே காலத்தில் அந்நகரின் இன்னொரு பகுதியில் வேறொரு தியாகம் நடந்துகொண்டிருந்தது. ஜகதீச சந்திர போஸ் இங்கிலாந்திற் கற்று மீண்டு, 1885இல் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிக ஆசிரியரானார். அக்காலத்தில் இந்திய ஆசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் வேதனத்தில் மூன்றில் இரண்டு பங்கே கொடுக்கப்பட்டது. போசின் நியமனம் தற்காலிகமானது என்ற காரணத்தால் அதிலும் அரைவாசியே அவருக்குக் கிடைப்பதாயிற்று. அவர் பணியை விடவில்லை, வேதனத்தை விட்டார். மூன்று ஆண்டுகள் ஒரு சதமும் பெறாது, வகுப்புக்குத் தவறாது சென்று கற்பித்தார். தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஈற்றில் அதிகாரிகள் முழு வேதனத்தையும் முன்தேதியிட்டு வழங்கினர். அப்பணத்தைக் கொண்டு தந்தையின் கடனை அவர் தீர்த்தார்.

கல்லூரியில் அவருக்கென ஆய்கூடம் இல்லை. ஒரு சிற்றறையைத் தாமே ஒழுங்குசெய்து, தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவனைப் பழக்கி, தம் கருவிகளை ஆக்குவித்தார். வகுப்புக்கள் முடிந்த பின்னரே ஆராய்ச்சிக்கு நேரம். இந்நிலையிலிருந்தே, ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை ஆக்கி, அவற்றின் தன்மைகளை அளந்து, 1890களின் நடுவிலே உலகத்தாரின் கவனத்தை ஈர்த்தார். இவ்வளவு சிறிய அலைகளை ஆராய்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நீண்ட அலைகளை ஆராய நீண்ட மண்டபம் வேண்டும். சிறிய அலைகளுக்கு ஒரு மேசை போதும். அலைநீளம் குறைந்தால் அது தெறிப்பதையும் முறிவதையும் ஒளியைப் போலவே சிறு கருவிகளைக்கொண்டு அளக்கலாம். தம்மிடமுள்ள இடத்துக்கேற்ற வினாவைத் தெரிந்தெடுத்தல் வறிய ஆய்கூடத்தின் முதல் விவேகம்.

போசின் பெருமை இத்துடன் முடியவில்லை. ஓய்வுபெற்றபின், தாம் பட்ட அல்லலை அடுத்தவர் படலாகாது என்று கருதினார். தம் சேமிப்பையும் பிறர் தந்த நன்கொடையையும் சேர்த்து, 1917 நவம்பர் 30ஆந் தேதி, தம் பிறந்த நாளிலே, போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். அங்கு காணப்படும் உண்மைகள் உலகத்தாருக்குப் பொது, அவற்றுக்குத் தனியுரிமை கோரப்படமாட்டாது என்பது அவர் வகுத்த நெறி.

இரசாயனத் துறையிலே பிரபுல்ல சந்திர ராய் இதனையே வேறொரு வழியிற் செய்தார். எடின்பரோவிலே கலாநிதிப் பட்டம் பெற்று, 1889இல் பிரசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்த அவர், மணஞ் செய்யவில்லை. ஆடையிலும் உணவிலும் தவசியைப் போன்றவர். உள்நாட்டில் மருந்துகள் ஆக்குவதற்கு வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார். 1916இல் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியிற் பேராசிரியரானார். 1921இல் அறுபது வயது நிறைந்தபோது, அன்று தொட்டுத் தமக்கு வரும் வேதனம் முழுவதையும் இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகம் செலவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 1936இல் ஓய்வுபெறும் வரை அவ்வாறே நடந்தது. அவர் குடியிருந்தது அக்கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையில்.

இவ்விருவர் செயலிலும் ஒற்றுமை ஒன்று காணலாம். இருவரும் தாம் துன்பப்பட்டதைத் தம் பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை. போஸ் விட்ட வேதனம், அடுத்து வரும் இந்திய ஆசிரியரின் உரிமைக்கு வழி வகுத்தது. ராய் விட்ட வேதனம், அடுத்து வரும் மாணவனுக்குக் கருவியும் உதவிப்பணமும் ஆயிற்று. தியாகம் என்ற மூலப்பொருள் பட்டறைக்குட் சென்ற விதம் இது.

பட்டறை அமைப்பதற்குச் செல்வரும் வேண்டும், அதனை நடத்தத் தெரிந்தவரும் வேண்டும். தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் தாம் ஈட்டிய பெரும் பொருளைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தனர். 1912இல் பாலித் அளித்த நிலமும் பணமும் ஏறத்தாழ 15 இலட்சம் ரூபா பெறும். 1913இல் கோஷ் அளித்தது 10 இலட்சம். துணைவேந்தர் ஆசுதோஷ் முக்கர்ஜி அப்பொருளைக் கட்டடத்தில் மாத்திரம் புதைத்துவிடவில்லை. பேராசிரியர் பதவிகளுக்கு நிலையான முதலாக்கினார். அப்பதவிகளை இந்தியரே வகித்தல் வேண்டும் என்பது கொடையாளரின் நிபந்தனை. சர்க்கார் கண்ட கனவு, அவர் மறைந்து பத்து ஆண்டுகளின் பின், 1914இல் விஞ்ஞானக் கல்லூரி வடிவில் நனவாயிற்று.

இனி, சர்க்காரின் வெறுமையான ஆய்கூடத்துக்கு வந்தவர் யார் என்பதைக் காண்போம். 1907இல், பத்தொன்பது வயதும் நிரம்பாத தமிழ் இளைஞர் ஒருவர், இந்திய நிதிப் பகுதி உத்தியோகத்தராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவரே சந்திரசேகர வேங்கட இராமன். திராம் வண்டியிற் செல்லும்போது பௌபசார் வீதியிலே சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு, உள்ளே சென்று, அங்கு ஆராய்ச்சி செய்ய இடம் உண்டா என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாகத் திறந்திருந்த கதவுக்குள் அன்றுதான் எதிர்பார்த்த ஆள் புகுந்தார் எனலாம். விடியற்காலையிற் சங்கம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் சங்கம் என்று, இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலம் நீங்கலாக, பத்து ஆண்டுகள் அவர் உழைத்தார்.

அப்போது அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் ஒலியும் இசைக் கருவிகளும். தந்தி அதிர்வதையும், மிருதங்கத்தின் நடுவில் இடும் கரிய சாந்து அதன் ஒலியை இசைப்படுத்துவதையும் அறிவதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. வெறுந்தோல் எழுப்பும் ஒலியிலே உபசுரங்கள் ஒன்றோடொன்று இயையா. சாந்தின் பாரம் அவற்றை முறைப்படுத்தி முழுவெண் விகிதத்திற்கு அண்மையிற் கொணர்கின்றது. நம் கோயில் வாசலிலே நாள்தோறும் கேட்கும் ஓசையில் இவ்வளவு பௌதிகம் உண்டென்பதை அவர் காட்டினார்.

பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவி இராமனுக்கு அளிக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தில் அவர் பெற்றதில் ஏறக்குறைய அரைவாசியே அப்பதவியின் வேதனம். உயர் பதவிக்கு ஏறும் வாய்ப்பும் போய்விடும். 1917இல் அவர் உத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானார். இத்துறவை யாவரும் புகழ்வர். புகழத்தக்கதே. ஆயினும் ஒன்று நோக்குக. துறப்பதற்கு மனம் இருந்தது போலவே, துறந்தபின் போய் நிற்பதற்கு ஓர் இடமும் இருந்தது. பாலித்தின் பணம் இல்லையேல் பதவி இல்லை. சர்க்காரின் சங்கம் இல்லையேல் அதற்கு முந்திய பத்து ஆண்டு ஆராய்ச்சி இல்லை. இராமனின் துணிவுக்கு அடியிலே, அவர் நேரிற் காணாத முதியவர் ஒருவரின் முப்பத்தைந்து ஆண்டு முயற்சி படிக்கல்லாகக் கிடந்தது.

விளைவு உலகறிந்தது. 1921இல் கடற்பயணத்திலே மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு எழுந்த வினா, திரவங்களில் ஒளி சிதறும் முறையை ஆராயத் தூண்டிற்று. கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர் உடன் உழைத்தனர். தொலைக்காட்டியின் வில்லையால் ஞாயிற்றொளியைக் குவித்தும், பின்னர் இரச ஆவி விளக்கைக்கொண்டும் செய்த எளிய சோதனைகளில், சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டனர். மூலக்கூறு ஒளியிடமிருந்து சிறிது சக்தியைக் கவர்வதனால், அல்லது தன் சக்தியிற் சிறிது கொடுப்பதனால், இம்மாற்றம் உண்டாகின்றது. எனவே அம்மாற்றம் ஒவ்வொரு பொருளின் அமைப்பையும் காட்டும் கைரேகை போன்றது. 1928 பெப்ரவரி 28ஆந் தேதி இது நிச்சயமாயிற்று. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இஃது ஒருவர் வெற்றி மாத்திரம் அன்று. 1916 முதல் அதே விஞ்ஞானக் கல்லூரியில் இளம் விரிவுரையாளராயிருந்தவர்கள் மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும். சாகா 1920இல் வெளியிட்ட அயனாக்கக் கோட்பாடு விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டிற்று. சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து எழுதிய கட்டுரை குவாண்டம் பௌதிகத்தின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஒருவருக்கொருவர் வினாவும் விடையுமாக இருந்த கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. ஒருவர் தியாகஞ் செய்தால் ஒருவர் உயர்வர். தியாகம் நிலையமானால் ஒரு தலைமுறை உயரும்.

இதுவரை கூறியது பலித்த வரலாறு. வீணான வரலாற்றையும் கூறாவிடின் உண்மை முழுமை பெறாது. 1884இல் ஜெர்மானிய அறிஞர் கொக் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து, வாந்திபேதிக்கு ஒருவகைக் கிருமியே காரணம் என்பதை நிலைநாட்டினார். அக்கிருமி நஞ்சொன்றைச் சுரந்தே கொல்லுகின்றது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்நஞ்சை எவரும் காட்டினாரில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பெரிய ஆய்கூடங்கள் வேறு வழிகளிலே தேடின. விலங்குகளின் குருதியிற் கிருமியைச் செலுத்தினர், நோய் தோன்றவில்லை.

கூக்ளி மாவட்டத்திற் பிறந்து, இலண்டனிலே நோயியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட சம்புநாத் டே என்பவர், கல்கத்தா வைத்தியக் கல்லூரிகளிற் கற்பித்துக்கொண்டே இவ்வினாவை எடுத்தார். நோய் குடலில் நிகழ்வது. ஆகவே குடலிலேயே தேட வேண்டும் என்று எண்ணினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்தினார். அத்துண்டு நீரால் நிரம்பிப் புடைத்தது. இது 1953இல் வெளிவந்தது. பின்னர், கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய திரவத்தை மாத்திரம் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிரம்பிற்று. கிருமி இல்லாமலே நோய்க்குறி தோன்றிற்று. எனவே நஞ்சு உண்டு என்பது ஐயமற நிறுவப்பட்டது. இக்கட்டுரை 1959இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. நூலும் ஊசியும் முயலும் கொண்டு, கொக் விட்டுச்சென்ற முடிச்சை அவிழ்த்தார் டே.

அடுத்த படி அந்நஞ்சைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தல். அதற்கு மதி மாத்திரம் போதாது. நுண்ணிய உயிரிரசாயனக் கருவிகளும் பயின்ற துணைவரும் வேண்டும். அவை அவருக்கு வாய்க்கவில்லை. 1969இல் அமெரிக்க ஆய்கூடமொன்றில் இருவர் அதனைச் செய்து முடித்தனர். டே 1973இல் ஓய்வுபெற்றார். நாட்டின் விஞ்ஞானக் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராக்கவில்லை. 1978இல் வாந்திபேதி பற்றிய நோபெல் கருத்தரங்குக்குச் சுவீடனிலிருந்து அழைப்பு வந்த பின்னரே அவர் பெருமை சிலருக்குத் தெரிந்தது. 1985இல் அவர் காலமானார். அவருடைய பணியை விரித்துரைத்த கட்டுரைகளிற் பல அவர் மறைந்த பின்னர் எழுந்தவை.

டே செய்த தியாகம் போசின் தியாகத்துக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று. கற்பித்தற் சுமையின் நடுவே, பாராட்டின்றி, இருந்த கருவியைக்கொண்டு உழைத்தவர் அவர். மேலும், போஸ் காலத்து இந்தியா பிறர் ஆட்சியில் இருந்தது. டேயின் இந்தியா சுதந்திர நாடு. அவர் ஈந்த என்பை வாங்கி வச்சிரமாக்க ஒரு பட்டறை முன்வரவில்லை என்பதே வேறுபாடு. இழப்பு அவருக்கு மாத்திரம் அன்று. வாந்திபேதி நம் நாடுகளின் நோய். குடற்சுவர் அழிவதில்லை, நீரே வெளியேறுகின்றது என்ற தெளிவு பிறந்த பின், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துக் காக்கும் முறை உறுதிபெற்றது. 1971இல் வங்காள அகதிகள் முகாமொன்றிலே வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் இம்முறையைப் பரவலாகக் கையாண்டபோது, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்குங் கீழாகக் குறைந்தது. இத்தகைய அறிவு ஓராண்டு தாமதித்தால் அதற்கு விலை எத்தனை உயிர் என்பதை வாசகரே எண்ணிப் பார்ப்பாராக.

கல்கத்தாவை விட்டு இலாகூருக்குச் சென்றால், தியாகத்தின் எல்லையை வெளிப்படையாகக் கூறிய ஒருவரைக் காண்கின்றோம். அப்துஸ் சலாம் கேம்பிரிச்சிலே சிறந்து விளங்கியபின், தாய்நாட்டுக்கு உழைக்கும் எண்ணத்தோடு 1951இல் பாகித்தானுக்கு மீண்டார். அங்கே அவருக்கு ஆராய்ச்சித் தோழர் எவரும் இல்லை. புதிய இதழ்களும் இல்லை. ஓய்வு நேரத்திற் கல்லூரியின் காற்பந்துக் குழுவை மேற்பார்வை செய்யும் பணி அவருக்கு ஒப்படைக்கப்பட்டது. கோட்பாட்டுப் பௌதிகத்துக்குக் கருவி வேண்டுவதில்லை, கடதாசியும் பென்சிலும் போதும் என்பர். ஆனால் பேசுவதற்கு ஆள் வேண்டும். மூன்று ஆண்டுகளின் பின், நாட்டை விடுவதா, பௌதிகத்தை விடுவதா என்ற நிலை வந்தபோது, 1954இல் அவர் நாட்டை விட்டார்.

அவர் அத்தோடு நின்றிருந்தால், புலம்பெயர்ந்த அறிஞர் பலருள் ஒருவராக முடிந்திருப்பார். தமக்கு நேர்ந்த கொடிய தெரிவு பிறருக்கு நேரக்கூடாது என்று முயன்று, 1964இல் இத்தாலியின் திரியெசுத்தே நகரிலே சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையத்தை நிறுவினார். வளர்ந்துவரும் நாடுகளின் ஆராய்ச்சியாளர் தம் நாட்டிலேயே பணிபுரிந்துகொண்டு, சில ஆண்டுகளுக்குள் பலமுறை அங்கு வந்து, சில மாதம் தங்கி, அறிவுத் துணை பெற்று மீளலாம் என்பது அவர் வகுத்த திட்டம். 1979இல் நோபெல் பரிசில் ஒரு பங்கு பெற்றார். 1983இல் மூன்றாம் உலக விஞ்ஞானக் கழகம் தோன்றவும் முன்னின்றார். 1996இல் அவர் மறைந்தபின் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாட்டிலிருந்து உழைத்தவரை மாத்திரமே தியாகி என்போர் இவரை எவ்வரிசையில் வைப்பர்?

இவ்வளவும் கூறியதன் பயனைத் தொகுத்துரைப்பேன். தியாகம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. முதல் அடி எடுத்துவைப்பார் ஒருவர் இல்லாமல் எந்நாட்டிலும் ஒன்றும் தொடங்காது. ஆனால் தியாகம் தொடக்கத்துக்கு உரியது. தொடர்ந்து நடத்துவதற்கு உரியது ஒழுங்கு. ஒரு தலைமுறை தியாகஞ் செய்தது அடுத்த தலைமுறை அதே தியாகத்தைச் செய்யாதிருத்தற்பொருட்டு. ஐம்பது ஆண்டுகளின் பின்னும் அதே தியாகத்தை அதே இடத்திற் கேட்டு நிற்கும் சமூகம், முன்னோர் ஈந்ததைப் போற்றவில்லை, விரயஞ் செய்தது.

நம் நாட்டு நிலையை நினைக்கும்போது நான் என்னையே குற்றஞ் சாட்டிக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. என்னோடு இக்கல்லூரியிற் கற்ற நண்பர் ஒருவர் வெளிநாட்டிலே கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கு கிடைத்த பதவியை வேண்டாமென்று விட்டு மீண்டு வந்தார். அவரை மேடையேற்றி மாலையிட்டோர் வரிசையில் நானும் நின்றேன். பின்னர், பழுதுபட்ட கருவியொன்றின் சிறு பாகத்துக்காக அவர் இரண்டு ஆண்டுகள் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்தார். அக்காலத்தில் எவரும் அவரை அணுகி என்ன வேண்டும் என்று கேட்டோமில்லை. ஈற்றில் அவர் மீண்டும் கப்பலேறாக் குறையாக நாட்டை விட்டபோது, நன்றி மறந்தவர் என்று பேசினோர் வரிசையிலும் நான் நின்றேன். மாலை வாங்கிய விலை என்ன, அந்தப் பாகத்தின் விலை என்ன என்று இப்போது கணக்குப் பார்க்கின்றேன். மாலைகளின் விலையைச் சேர்த்திருந்தால் அரைப்பங்கு தேறியிருக்கும்.

2022இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியின்பின் இலங்கையைவிட்டு நீங்கிய ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் பலர். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணமோ நாட்டு வருமானத்தின் நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவு. இதனைத் திருத்துவது அரசாங்கத்தின் கடமை. ஆயினும் சர்க்காரும் பாலித்தும் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது.

யூபிலி ஆண்டிலே நம் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று பழைய மாணவர் எங்கும் கூடிப் பேசுகின்றனர். வளைவும் மண்டபமும் கட்டுதல் நன்றே. அவற்றோடு, கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கென ஆண்டுதோறும் வட்டி தரும் சிறு முதலொன்றும் வைப்போமாக. ஆய்கூட உதவியாளர் ஒருவரைப் பயிற்றுவித்து, அவருக்குத் தக்க வேதனங் கொடுப்போமாக. ஆராயும் விருப்பமுள்ள இளம் ஆசிரியர் ஒருவருக்கு வாரத்தில் ஒருநாள் வகுப்புச் சுமையைக் குறைப்போமாக. வெளிநாடுகளிற் பல்கலைக்கழகங்களிலும் ஆய்கூடங்களிலும் பணிபுரியும் நம்மவர், விடுமுறையில் வரும்போது இரண்டு வாரமேனும் மாணவருடன் இருந்து வேலை செய்வாராக. இவற்றிற் பெயர் பொறிக்கக் கல் இல்லை. சர்க்காருக்குக் கிடைக்காது போன கொடை இதுவே.

மாணவர்க்கும் ஒரு சொல். உங்கள் வாழ்வைத் துறந்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்பதற்கு, பட்டறை அமைக்காத எங்களுக்கு உரிமை இல்லை. உங்களிற் சிலர் கேளாமலே அதனைச் செய்வீர்கள். ததீசிகள் எக்காலத்திலும் பிறப்பர். அவர்கள் தம் என்பை நீட்டும் வேளையிலே, அதனை வாங்க விசுவகன்மாவின் உலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வுலையை மூட்டுவது எங்கள் கடன்.